வீட்டுப் பூனைக்கு ஏன் கோபம்?

வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. மூன்று நான்கு வருடமாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடும். ஜன்னல் ஓரத்தில் தூங்கும். குழந்தைகளின் காலைச் சுற்றிச் சுற்றி வரும். சாதுவான பூனை.

ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு தெருப் பூனை ஒன்று வாசலில் வந்து நிற்கிறது. "ஐயோ பாவம்" என்று அதை உள்ளே எடுத்து வருகிறார்கள். கொஞ்ச நாள் வைத்திருந்து, யாராவது நல்லவர்கள் கேட்டால் கொடுத்துவிடலாம் என்பது எண்ணம்.

அன்று முதல் பழைய பூனையின் போக்கே மாறிவிடுகிறது. பரண்மேல் ஏறிக்கொள்கிறது. கூப்பிட்டால் வருவதில்லை. தட்டில் வைத்த மீனைத் தொடுவதில்லை. இரவில் உறுமுகிறது. நாலாம் நாள் காலையில் பார்த்தால், மெத்தையில் சிறுநீர் கழித்திருக்கிறது!

"பார்த்தாயா இதற்குப் பொறாமையை!" என்கிறார் பாட்டி. துடைப்பத்தால் முதுகில் ஓர் அடி விழுகிறது.

பல வீடுகளில் நடப்பது இதுதான். ஆனால், அந்த அடி அநியாயமான அடி. பூனைக்கு வந்திருப்பது பொறாமை அல்ல. பயம்!

விருந்தாளிப் பூனை

ஆதரவு இல்லாத பூனையைத் தற்காலிகமாக வீட்டில் வைத்து வளர்ப்பது நல்ல காரியம். பல நாடுகளில் இது ஒரு தொண்டாகவே நடக்கிறது.

லண்டனில் உள்ள பேட்டர்சி விலங்கு இல்லம் 1860-ல் தொடங்கியது. முதலில் நாய்களுக்கு மட்டும்தான் அங்கே இடம். 1883 முதல் பூனைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். பூனைகளுக்கென்றே "கேட்ஸ் புரொடெக்‌ஷன்" என்ற சங்கம் 1927-ல் இங்கிலாந்தில் ஏற்பட்டது. இந்த இல்லங்களில் இடம் போதாதபோது, தொண்டர்கள் பூனையைத் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். நிரந்தரமான வீடு கிடைக்கும் வரை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சென்னை போன்ற நம் ஊர்களிலும் இப்போது இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. வண்டியில் அடிபட்ட பூனை, தாயை இழந்த குட்டி, உடையவர்கள் விட்டுவிட்டுப் போன பூனை - இவற்றை எடுத்து வந்து காப்பாற்றுகிறார்கள்.

இப்படி வரும் பூனையை "விருந்தாளிப் பூனை" என்று சொல்லலாம். விருந்தாளியை எல்லோரும் கவனிக்கிறார்கள். ஏற்கனவே வீட்டில் இருக்கும் பூனையின் கதி என்ன? அதைப் பலர் கவனிப்பதில்லை. அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

தனியாக வேட்டையாடும் பிராணி

நாய் கூட்டமாக வாழ்ந்த பிராணியின் வாரிசு. பூனை அப்படி அல்ல. அதன் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆசியாவிலும் திரிந்த காட்டுப் பூனை. அந்தக் காட்டுப் பூனை தனியாகத் திரியும். தனியாக வேட்டையாடும். ஓர் எலி ஒரு பூனைக்கு ஒரு வாய்க்குத்தான் காணும். பங்கு வைக்க முடியுமா? ஆகவே, "இது என் எல்லை, வேறு பூனை வரக் கூடாது" என்பது அதன் சட்டம்.

மனிதன் பயிர் செய்து தானியம் சேர்த்தான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில் ஒரு பழங்காலப் புதைகுழியில் மனிதனின் எலும்புக்கூட்டுக்கு அருகில் ஒரு பூனையின் எலும்புக்கூடும் கிடைத்தது. அது சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தியது என்று ஆராய்ச்சியாளர்கள் 2004-ல் அறிவித்தார்கள்.

இத்தனை ஆயிரம் ஆண்டுகள் மனிதனோடு பழகியும் பூனையின் பழைய சட்டம் முழுவதும் மறையவில்லை.

"மீன் சந்தையில் பத்துப் பூனைகள் சேர்ந்து இருக்கின்றனவே?" என்று கேட்கலாம். உண்மைதான். உணவு நிறைய இருக்கும் இடத்தில் பூனைகள் கூட்டமாக வாழும். ஆனால், அந்தக் கூட்டம் பெரும்பாலும் ஒரே குடும்பம். தாய், மகள், அக்கா, தங்கை என்று உறவாக இருக்கும். ஒன்றின் குட்டிக்கு மற்றொன்று பால் கொடுக்கும். வெளியூர்ப் பூனை வந்தால் மட்டும் எல்லாம் சேர்ந்து விரட்டும்!

வீட்டுப் பூனைக்கு, விருந்தாளிப் பூனை வெளியூர்ப் பூனைதான். நமக்கு அது அநாதை. அதற்கு அது படை எடுத்து வந்த எதிரி.

மூக்குதான் முகவரி

நாம் வீட்டைக் கண்ணால் அடையாளம் கண்டுகொள்கிறோம். பூனை மூக்கால் அடையாளம் கண்டுகொள்கிறது.

பூனை ஏன் நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்க்கிறது? நம் காலில் ஏன் உரசுகிறது? அதன் கன்னத்திலும் தாடையிலும் வாசனைச் சுரப்பிகள் இருக்கின்றன. தேய்க்கும்போது அந்த வாசனை ஒட்டிக்கொள்கிறது. அந்த வாசனை நம் மூக்குக்குத் தெரியாது. பூனைக்குத் தெரியும். "இது என் வீடு. இங்கே பயம் இல்லை" என்று அந்த வாசனை அதற்குச் சொல்கிறது. பாதத்திலும் சுரப்பிகள் உண்டு. கதவை நகத்தால் பிறாண்டுவதும் ஒருவகையில் கையெழுத்துப் போடுவதுதான்.

வாசனைக்கு எவ்வளவு சக்தி என்பதற்கு ஓர் உதாரணம். ஒரே வீட்டில் வருடக்கணக்காக ஒற்றுமையாக இருந்த இரண்டு பூனைகளில் ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். மாலையில் திரும்பக் கொண்டுவருகிறார்கள். வீட்டில் இருந்த பூனை அதைப் பார்த்துச் சீறுகிறது, பாய்ந்து அடிக்கிறது! காலையில் ஒன்றாகப் படுத்திருந்த தோழியை அதற்கு அடையாளம் தெரியவில்லை. ஏன்? அதன் உடம்பில் ஆஸ்பத்திரி மருந்து வாசனை!

பழகிய பூனைக்கே இந்தக் கதி. முன்பின் தெரியாத பூனை வந்து, வீடெங்கும் தன் வாசனையைப் பரப்பினால் எப்படி இருக்கும்? பழைய பூனைக்கு வீடு வீடாகவே தோன்றாது. அதனால்தான் அது தன் வாசனையைப் பலமாகப் பதிக்கப் பார்க்கிறது. சுவரில் பீச்சுகிறது. மெத்தையில் சிறுநீர் விடுகிறது. அது பழி வாங்கவில்லை. தொலைந்துபோன முகவரியை மறுபடி எழுதுகிறது!

சத்தம் இல்லாத சண்டை

இரண்டு பூனைகள் கட்டிப் புரண்டு சண்டையிட்டால் எல்லோருக்கும் தெரியும். ஆனால், பாதிச் சண்டை சத்தமே இல்லாமல் நடக்கும்.

ஒரு பூனை வாசற்படியில் நீட்டிப் படுத்திருக்கும். பார்த்தால் தூங்குவதுபோல் இருக்கும். ஆனால், மற்றப் பூனை உணவுத் தட்டுக்குப் போகும் வழி அது ஒன்றுதான்! வழி மறிக்கிறது என்று அர்த்தம். கண் கொட்டாமல் முறைத்துப் பார்ப்பதும் மிரட்டல்தான்.

மனம் கலங்கிய பூனையை எப்படிக் கண்டுபிடிப்பது? இதோ அடையாளங்கள்:

வழக்கத்தைவிட அதிக நேரம் ஒளிந்துகொள்ளும்.

உணவைக் குறைத்துவிடும், அல்லது அவசரம் அவசரமாக விழுங்கி வாந்தி எடுக்கும்.

மணல் தட்டை விட்டு வேறு இடத்தில் சிறுநீர் கழிக்கும்.

வயிற்றையும் தொடையையும் ஓயாமல் நக்கும். அந்த இடத்தில் ரோமம் உதிர்ந்துபோகும்.

விளையாடாது. மடியில் வந்து உட்காராது. சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும்.

இவற்றில் ஒன்றிரண்டு தெரிந்தாலும் "போகப் போகச் சரியாகிவிடும்" என்று இருந்துவிடக் கூடாது.

கலக்கம் நோயாக மாறும்

மனக்கலக்கம் பூனையின் உடம்பையும் கெடுக்கும். இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 32 பூனைகளை 77 வாரம் கவனித்தார்கள். அவற்றில் 20 பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை வியாதி உண்டு. 12 பூனைகள் ஆரோக்கியமானவை.

பூனைகளுக்குப் பழக்கமான நேரத்தில் உணவு கொடுத்து, பழக்கமான ஆட்களே கவனித்தபோது தொல்லை குறைவாக இருந்தது. அந்த வழக்கம் குலைந்த வாரங்களில் வாந்தி, சாப்பிடாமை, தட்டுக்கு வெளியே அசுத்தம் செய்தல் எல்லாம் அதிகமாயின. வியாதிப் பூனைகளுக்கு மட்டும் அல்ல. ஆரோக்கியமான பூனைகளுக்கும் அப்படித்தான்! இந்த ஆராய்ச்சி 2011-ல் வெளிவந்தது.

உணவு நேரம் மாறினாலே இப்படி. வீட்டுக்குள் ஓர் அந்நியப் பூனையே வந்துவிட்டால் கேட்க வேண்டுமா?

மூன்று விஷயங்களில் மிகவும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

முதலாவது, கடுவன் பூனை. கலக்கத்தால் சிறுநீர்ப்பையில் வீக்கம் வரலாம். கடுவனுக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் ஒடுக்கம். அது அடைத்துக்கொண்டால் பூனை அடிக்கடி மணல் தட்டில் போய் முக்கும்; ஒரு சொட்டும் வராது; வலியால் கத்தும். "மலச்சிக்கல்" என்று நினைத்து விட்டுவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து. உடனே கால்நடை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, பட்டினி. மனிதன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் பிழைத்துக்கொள்வான். பூனைக்கு அது ஆபத்து. முக்கியமாக, கொழுத்த பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரல் கெட்டுவிடும். ஒரு நாள் முழுவதும் எதையும் தொடவில்லை என்றாலே டாக்டரைக் கேட்பது நல்லது.

மூன்றாவது, ஜலதோஷம். பூனைக்கு ஒருமுறை ஹெர்பிஸ் கிருமியால் சளிக்காய்ச்சல் வந்தால், அந்தக் கிருமி உடம்பைவிட்டுப் போவதில்லை. உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும். பூனைக்குக் கலக்கம் வரும்போது அது விழித்துக்கொள்ளும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். தும்மல் வரும். பக்கத்துப் பூனைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

முதல் மருந்து கதவு!

இத்தனையையும் தவிர்க்க வழி இருக்கிறதா? இருக்கிறது. அதிகச் செலவும் இல்லை. முதல் மருந்து, மூடிய கதவு.

விருந்தாளிப் பூனையை நேராகக் கூடத்தில் இறக்கிவிடக் கூடாது. "இரண்டும் பார்த்துப் பழகட்டும்" என்று எதிர் எதிரே உட்கார வைக்கக் கூடாது. தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அந்த அறையிலேயே உணவு, தண்ணீர், மணல் தட்டு, படுக்கை எல்லாம் இருக்க வேண்டும். உணவும் மணல் தட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. கக்கூஸ் பக்கத்தில் இலை போட்டால் நாம் சாப்பிடுவோமா?

இப்படிப் பிரித்து வைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. தெருப் பூனையிடம் என்ன நோய் இருக்கிறது என்பது பார்த்த உடனே தெரியாது. குட்டிகளை வாந்தியும் பேதியுமாக வாரிக்கொண்டு போகும் கொடிய நோய் ஒன்று இருக்கிறது. அந்தக் கிருமி தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே, முதலில் டாக்டரிடம் காட்ட வேண்டும். இரத்தப் பரிசோதனை, பூச்சி மருந்து, தடுப்பூசி எல்லாம் முடிய வேண்டும். பழைய பூனைக்கும் தடுப்பூசி பாக்கி இல்லாமல் போட்டிருக்க வேண்டும். விருந்தாளியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பழைய பூனையைத் தொட வேண்டும்.

விருந்தாளிக்கும் பயம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. அதற்கு ஒரு காலி அட்டைப் பெட்டி கொடுங்கள். பக்கவாட்டில் ஓட்டை போட்டு வைத்தால் உள்ளே நுழைந்துகொள்ளும். நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்தில் 19 பூனைகளை வைத்து இதைச் சோதித்தார்கள். புதிதாக வந்த 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள். 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகள் மூன்று நான்கு நாளிலேயே தெளிந்துவிட்டன. மற்றவை தெளிய இன்னும் பல நாள் பிடித்தது. 2014-ல் இந்த ஆராய்ச்சி வெளிவந்தது. மளிகைக் கடையில் கேட்டால் கிடைக்கும் பெட்டி. அதற்கு இவ்வளவு குணம்!

மூக்கு முதலில், கண் பிறகு

இரண்டு பூனைகளும் ஆரோக்கியமாக இருந்து, சாப்பாடும் தூக்கமும் சரியாக இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம்.

ஒரு சுத்தமான துணியால் விருந்தாளியின் கன்னத்தை மெல்லத் துடையுங்கள். அந்தத் துணியை வீட்டுப் பூனை நடமாடும் இடத்தில் ஒரு மூலையில் போடுங்கள். அதன் மூக்கருகே கொண்டுபோய்த் திணிக்க வேண்டாம். அதுவாகவே வந்து முகர்ந்து பார்க்கட்டும். இதேபோல் அதன் வாசனை உள்ள துணியை விருந்தாளியின் அறையில் வையுங்கள். முகர்ந்துவிட்டுச் சும்மா போய்விட்டால் நல்ல அறிகுறி. சீறினால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும்.

பிறகு, மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. இரண்டும் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். நாளுக்கு நாள் கதவுக்கு அருகே நகர்த்தலாம். "அந்த வாசனை வந்தால் ருசியான உணவு வரும்" என்று இரண்டும் கற்றுக்கொள்ளும்.

அதன் பின் கம்பி வலை வழியாகவோ, கொஞ்சமே திறந்த கதவு வழியாகவோ ஒன்றை ஒன்று பார்க்கட்டும். ஐந்து நிமிடம் போதும். முறைப்பு தொடங்குவதற்கு முன் கதவைச் சாத்திவிட வேண்டும். நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

சிலவற்றுக்கு ஒரு வாரம் ஆகும். சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். அவசரப்பட்டால் பழையபடி முதலில் இருந்து தொடங்க வேண்டியதுதான்!

சண்டை மூண்டுவிட்டால் நடுவில் கையை விடாதீர்கள். ஒரு தலையணையையோ அட்டையையோ இரண்டுக்கும் இடையில் நுழைத்துப் பிரியுங்கள். தெருப் பூனை யாரையாவது கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்பும் குழாய்த் தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய் ஊசி பற்றிக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு இதை முன்பே சொல்லி வையுங்கள்.

பங்கு போடச் சொல்லாதீர்கள்

பூனைகளுக்குள் பாதித் தகராறு பங்குத் தகராறு. ஆகவே எல்லாவற்றையும் தனித் தனியாக வையுங்கள். மணல் தட்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: எத்தனை பூனையோ அதற்கு மேல் ஒன்று. இரண்டு பூனைக்கு மூன்று தட்டு. மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பயன் இல்லை. வழி மறிக்கிற பூனை மூன்றையும் சேர்த்து மறித்துவிடும்!

உயரமான இடம் பூனைக்குக் கோட்டை மாதிரி. அலமாரியின் மேல் ஒரு பழைய துணியை விரித்து வையுங்கள். பழைய பூனை அங்கே ஏறி நிம்மதியாகப் படுத்திருக்கும்.

பழைய பூனையின் நேரத்தில் கை வைக்காதீர்கள். காலை ஏழு மணிக்குச் சாப்பாடு என்றால் அதே ஏழு மணிக்கு, அதே இடத்தில், அதே தட்டில் கொடுங்கள். வீட்டில் ஒருவராவது தினமும் அதோடு மட்டும் கொஞ்ச நேரம் விளையாட வேண்டும்.

இன்னொரு சுலபமான வழியும் இருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பது பழமொழி. உலகம் இருளாது. ஆனால், நாம் கண்ணை மூடினால் பூனையின் மனம் கொஞ்சம் தெளியும்! பூனையைப் பார்த்து மெல்ல, மிக மெல்லக் கண்ணை மூடித் திறந்தால், அதுவும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறது. அருகில் வரவும் தயங்குவதில்லை. இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் வெளியிட்ட உண்மை இது.

சிநேகம் ஆகியே தீர வேண்டுமா?

இங்கே பலர் செய்யும் பெரிய தவறு ஒன்று உண்டு. வந்த பூனையும் இருக்கிற பூனையும் எப்படியாவது சிநேகமாகிவிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

விருந்தாளிப் பூனை போகப் போகிற பூனை. இரண்டு வாரமோ, இரண்டு மாதமோ இருந்துவிட்டுப் புது வீட்டுக்குப் போய்விடும். அது வீட்டுப் பூனையின் முகத்தைப் பார்க்காமலே போனால் என்ன நஷ்டம்? கடைசி நாள் வரைக்கும் கதவு மூடியே இருக்கலாம். தவறே இல்லை. பல சமயங்களில் இரண்டு பூனைகளுக்கும் அதுவே நல்லது.

ஒரே அறை உள்ள வீட்டில் என்ன செய்வது? மூட ஒரு கதவும் இல்லை, வீட்டில் நோயாளிப் பூனையோ வயதான பூனையோ இருக்கிறது என்றால், புதுப் பூனையை உள்ளே கொண்டுவராமல் இருப்பதே கருணை. உதவி செய்ய வேறு வழிகள் இருக்கின்றன. வெளியே உணவும் தண்ணீரும் வைக்கலாம். டாக்டரிடம் கொண்டுபோகலாம். கருத்தடைச் செலவைக் கொடுக்கலாம். இடம் உள்ளவர்கள் யார் என்று விசாரித்துச் சொல்லலாம். இதுவும் தொண்டுதான்.

விருந்தாளி விடைபெற்றுப் போன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பூனை போனாலும் அதன் வாசனை போகாது. அது படுத்த துணிகளைச் சோப்பில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். அறையைக் கழுவுங்கள். பிறகு கதவைத் திறந்துவிடுங்கள். பழைய பூனை ஓடி வராது. வாசற்படியில் நின்று முகரும். ஒரு காலை எடுத்து வைக்கும், பின்வாங்கும், மறுபடி வரும். மூலை முடுக்கெல்லாம் சோதனை போடும். அதைத் தூக்கி உள்ளே விட வேண்டாம். அது தன் நேரத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

கட்டில் காலில் அது கன்னத்தைத் தேய்க்கிறதா என்று பாருங்கள். தேய்த்துவிட்டால், அந்த அறை மறுபடி அதன் அறை ஆகிவிட்டது என்று அர்த்தம். அடுத்த விருந்தாளியைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.